பச்சை முகம்

பவுன்தாயைப் புதைத்த மறுநாள் காலை, திராட்சைப் பந்தலுக்கு வெளியே வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து சூப்பர்வைசர் சிவனாண்டி கேட்ட முதல் கேள்வி, "யாரும் அழுகலயேத்தா?" என்பதுதான்.

அக்கறையாகத்தான் கேட்டான். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று கம்பெனி அவனுக்குத் தனியாக வகுப்பெடுத்திருந்தது. முன்பெல்லாம் இதே சிவனாண்டி வாயைத் திறந்தால் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இப்போது வாய்க்குள் வெல்லக்கட்டியை அடக்கி வைத்தவன் போலப் பேசினான். சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கிறது என்று வீட்டில் புலம்புவானாம். அவன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் குரல் உயர்ந்தால் அது பெண்களின் இடது மணிக்கட்டில் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

கம்பெனி அந்தப் பட்டைக்கு 'மனப்பட்டை' என்று பெயர் வைத்திருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. காப்பு என்றார்கள். நாடித்துடிப்பு, வியர்வை, தோலின் சூடு, குரலில் இருக்கும் நடுக்கம், எல்லாவற்றையும் அது அளக்கும். அளந்ததை ஒரு முகமாக்கி, அவள் வெட்டிய திராட்சைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளுக்கு அனுப்பும். சென்னையிலோ கோவையிலோ கடையில் பெட்டியைக் கையில் எடுப்பவர், அந்தப் பழத்தை வெட்டியபோது வெட்டியவளுடைய மனசு எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். பச்சை முகம் சிரிக்கும். மஞ்சள் முகம் உம்மென்று இருக்கும். சிவப்பு முகம் அழும். அழுகிற பெட்டி கடைக்கே போகாது, பழச்சாறு ஆலைக்குப் போய்விடும்.

இதைக் கேட்டதும் கம்பெனியைத் திட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இதைக் கேட்டு வாங்கியது கம்பெனி இல்லை, வாங்கித் தின்கிறவர்கள். நம்மைப் போன்றவர்கள். "நாங்கள் சாப்பிடும் பழத்தைப் பறித்தவர் வதைபடவில்லை என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்" என்று நகரங்களில் நுகர்வோர் மன்றத்தினர் கடை வாசல்களில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் ஹேமலதா என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நல்ல மனுஷி. அவருடைய நல்ல மனசில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

முதல் வருடம் அது வேலையும் செய்தது. முகம் சிவந்தால் ஏன் என்று கேட்டார்கள். கேட்டதும் கழிப்பறை வந்தது, குடிதண்ணீர் வந்தது, சாப்பிட நிழலில் ஒரு கொட்டகை வந்தது, கூலி ஏறியது. இரண்டாம் வருடம் மேலே யாரோ ஒரு கெட்டிக்காரர், காரணத்தைச் சரிசெய்வதைவிட முகத்தைச் சரிசெய்வது சுலபம் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து காலையில் வேலைக்கு முன்னால் மூச்சுப் பயிற்சி. இழு, நிறுத்து, மெதுவாக விடு. அப்படியும் சிவந்தால் 'ஓய்வு'. வேலையை விட்டு நிறுத்துவது என்ற சொல்லே அங்கே கிடையாது. உங்கள் மனநலம் கருதி வீட்டில் இருங்கள் என்பார்கள். கூலி இருக்காது. ஒருத்தி தொடர்ந்து சிவந்தால் அவளுக்கு ஓய்வு. ஒரு கூட்டமே சிவந்தால் கூட்டத்துக்கே ஓய்வு, அடுத்த ஊரிலிருந்து வேறு கூட்டம் வரும். காப்பை வீட்டிலும் கழற்ற முடியாது, ஓய்வில் இருந்தாலும் கழற்ற முடியாது. தூக்கமும் கணக்கில் சேரும்.

பெண்களின் மனசுக்குள் நடந்ததையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன்போலச் சொல்கிறானே என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் அது ஒளிவுமறைவான சங்கதியே இல்லை. தோட்டத்து ஆபீஸ் திரையில் பகலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பவுன்தாய்க்குக் கொஞ்ச நாளாகவே நெஞ்சில் வலி. "யாரோ ஏறி ஒக்காந்திருக்காப்ல இருக்கு" என்று போதுமணியிடம் மட்டும் சொன்னாள். போதுமணி அவளுடைய நாத்தனார், ஒரே வீடு, ஒரே உலை. பவுன்தாயின் புருஷன் கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று போதுமணி கூப்பிட்டபோதெல்லாம், "வெட்டு முடியட்டும்டி, இப்பப் போனா ஓய்வுன்னுருவாய்ங்க" என்று சொல்லிவிட்டாள். வலி வரும்போது மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டாள். அன்றைக்குப் பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கிக் குலையை வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தரியோடு அப்படியே உட்கார்ந்தாள். களைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். பக்கத்துச் சாலில், அடுத்த கொடி வரிசையில், இருந்த லோகமணி குனிந்து பார்த்தபோதும் அவள் மணிக்கட்டில் பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அணைந்தது.

அடக்கத்துக்குப் பந்தல் வேலைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் தோள் கோத்து, தலையோடு தலை முட்டிக் கட்டி அழுவார்கள். செத்தவளுக்கு நெருங்கின பொம்பளை முதல் குரல் எடுக்க வேண்டும். அவள் எடுத்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பாதி நேரம் செத்தவளுக்காக, மீதி நேரம் அவரவருக்காக. யாருக்கும் இது தெரியாததில்லை, யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்குப் போதுமணி குரல் எடுக்கவில்லை. அந்த வாரம் அவர்கள் கூட்டம் ஏற்கெனவே ஒரு நாள் மஞ்சளுக்குப் போயிருந்தது. சுவரோரமாக வரிசையாக நின்று மூச்சு எண்ணினார்கள். "காப்புக்காரிக வந்துட்டாளுகப்பா, பொணத்துக்கு முன்னால தியானம் பண்றாளுக" என்று ஊர்க்காரி ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். போதுமணி தலையைத் தூக்கவில்லை.

காப்புகளைப் பராமரிக்கிறவன் ஜெயசீலன். ராயப்பன்பட்டிப் பையன், டிப்ளமோ படித்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அடக்கம் முடிந்து வேலைக்கு வந்த அன்று காப்புகளைச் சோதிக்க அவன் பந்தலுக்கு வந்தபோது, போதுமணி அவனைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"தம்பி, எங்க மதினி காப்பு எங்க?"

"ஆபீஸ்ல இருக்குக்கா."

"கடைசியா அதுல என்ன இருந்துச்சு?"

"பச்சைதான்க்கா."

"அது நானே பாத்தேன். எம்புட்டுப் பச்சை?"

ஜெயசீலன் சுற்றும்முற்றும் பார்த்தான். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுக்கா. இந்தத் தோட்டத்துல இதுவரைக்கும் யாருக்கும் அவ்வளவு வந்ததில்ல."

"நெஞ்சு வலிச்சுச் செத்தவளுக்கா?"

"மெஷினுக்கு வலி தெரியாதுக்கா. துடிப்பு வேகமா இருந்தா பதட்டம்ங்கும். மெதுவா இருந்தா நிம்மதிங்கும். அவங்க மூச்சையும் அடக்கிப் பழகிட்டாங்க, துடிப்பும் கொறஞ்சுகிட்டே போயிருக்கு. நிம்மதி கூடிக்கிட்டே போகுதுன்னு அது எழுதிருச்சு."

"துடிப்பு நின்னப்ப?"

"நின்னா, காப்பு கழண்டுருச்சுன்னு எடுத்துக்கும்."

போதுமணி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆபீஸ் திரையில் அந்த நேரம் அவளுடைய கோடு ஒரு துள்ளு துள்ளி, உடனே கீழே இறங்கியது. அவளாக எதுவும் செய்யவில்லை. மூச்சு தானாகவே இழுத்து, நின்று, மெதுவாக வெளியே போனது.

"அன்னைக்கு அவ வெட்டுன பெட்டி?"

"அன்னைக்கே ஏத்திட்டாங்கக்கா. மெட்ராஸுக்கு." அவன் போகத் திரும்பினான், பிறகு நின்றான். "நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிறாதீங்க. வெள்ளிக்கிழமை மெட்ராஸ்லருந்து மன்றத்து ஆளுக தோட்டம் பாக்க வர்றாங்கல்ல, அன்னைக்குப் பவுன்தாயக்கா படத்தப் பெருசா வைக்கப் போறாங்க. 'எங்கள் தோட்டத்தின் மிக நிறைவான உள்ளம்'னு எழுதி, அந்த நம்பரையும் போட்டு."

"செத்ததையுமா போடுறாங்க?"

"'நிறைவோடு விடைபெற்றார்'னு."

அந்தச் சொல்லைக் கேட்டபோது போதுமணிக்கு வந்தது துக்கம் இல்லை, அப்பட்டமான ஆத்திரம். அதையும் உள்ளுக்குள் விழுங்கிக்கொண்டுதான் பந்தலுக்குத் திரும்பினாள்.

மத்தியானச் சாப்பாட்டில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள். குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். அந்தக் கொட்டகையில் வெங்காய விலையும் கொலைச் செய்தியும் ஒரே குரலில்தான் பேசப்படும்.

"வெள்ளிக்கிழமை அவுக எல்லாரும் முன்னால ஒக்காந்திருக்கப்ப கட்டி அழுகணும். பெரிய திரை வைப்பாகள்ல, அதுல அத்தன பேரும் சிவப்பாத் தெரியணும். அவ நிம்மதியாச் சாகலன்னு பழம் தின்னவுக பாக்கணும்."

லோகமணி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "பாத்துட்டு?"

"பாக்கட்டும்."

"பாத்துட்டு பஸ் ஏறிப் போயிருவாக. நமக்கு ஓய்வு. எம்மக காலேஜுல இந்த வருசந்தான் சேந்திருக்கா. நீ ஒன் மதினிக்கு அழுகுற, சரி. என்னத்துக்கு எம்மகளச் சேத்து அழுக வைக்கிற?"

லோகமணி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளே மறுபடியும் பேசினாள், இந்த முறை தாழ்ந்த குரலில். "குனிஞ்சு பாத்தது நாந்தான். பச்சையா இருக்கேன்னு திரும்பி என் குலைய வெட்டப் போயிட்டேன். ஒரு நிமிசம் கழிச்சுத்தான் மறுபடி பாத்தேன்." வாளியை மூடினாள். "நீ குரல் எடு. நான் வர்றேன்."

வெள்ளிக்கிழமை பந்தலுக்கு முன்னால் துணிக்கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கி, ஒரு பக்கம் பெரிய திரை வைத்தார்கள். பந்தல் பெண்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு முகம், முகத்துக்குக் கீழே பெயர். எல்லாம் பச்சை. இன்னொரு பக்கம் பவுன்தாயின் படம், ஆள் உயரத்துக்கு. ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். படத்தில் இல்லாத சிரிப்பை லேசாக வரைந்தும் சேர்த்திருந்தார்கள். போதுமணி அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேனேஜர் பிரசன்னா இளைஞர், மரியாதையானவர். வந்தவர்களுக்கு அவரே இளநீர் எடுத்துக் கொடுத்தார். ஹேமலதா இளநீரை வாங்கி வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு பட்டை கட்டிவிடுங்க. இவங்ககூட கொஞ்ச நேரம் இருந்து பார்க்கறேன். கேட்டு வாங்கினவ நான், ஒரு நாள்கூட கட்டிப் பார்த்ததில்லை" என்றார். பிரசன்னா சிரித்துக்கொண்டே தலையசைக்க, ஜெயசீலன் கட்டிவிட்டான். திரையின் ஓரத்தில் ஹேமலதா என்று ஒரு புதுப் பச்சை முகம் முளைத்தது.

பிரசன்னா பவுன்தாயைப் பற்றி நான்கு வார்த்தை பேசினார். எண்ணைச் சொன்னார். வந்திருந்தவர்கள் எழுந்து மௌனமாக நின்றார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் போதுமணி நடந்து போய்ப் படத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். லோகமணி அவள் பக்கத்தில். ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்து தோளில் கைபோட்டார்கள். தலைகள் நடுவில் முட்டின. சிவனாண்டிக்கு இது என்னவென்று தெரியும். பிரசன்னா அவனைப் பார்த்தார். அவன் திரையைப் பார்த்தான்.

எல்லோரும் போதுமணியின் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். "ஏ மதினீ..." என்றாள். பக்கத்துச் சாலில் வேலை செய்கிறவளைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிடுகிற மாதிரிதான் வந்தது அது. மறுபடியும் கூப்பிட்டாள். மதினி உட்கார்ந்த இடத்தை நினைத்தாள், அணைந்த காப்பை நினைத்தாள், படத்தில் வரைந்த சிரிப்பை நினைத்தாள். நினைத்த ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஏதோ கிளம்பி மேலே வந்தது, வந்த பாதியிலேயே மூச்சு அதை இழுத்து நிறுத்தி மெதுவாக வெளியே விட்டுவிட்டது. இத்தனை நாள் அவளைக் காப்பாற்றிய பயிற்சி. இப்போது வேண்டாம் என்றாலும் விடவில்லை. சுற்றியிருந்த தோள்களும் அதே கணக்கில் ஏறி இறங்கின. லோகமணி பல்லைக் கடித்துக்கொண்டு, "எடுடி, எடுடி" என்றாள். அவளுக்கும் வரவில்லை.

திரையில் ஒரு முகம்கூட மாறவில்லை.

"என்ன பாசம் பாருங்க!" என்றார் பின்னால் ஒருவர். யாரோ படம் எடுத்தார்கள். யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். பிரசன்னா மூச்சு விட்டார். அவரும் தட்டினார்.

வட்டத்துக்குள் தலை குனிந்திருந்த பெண்களுக்கு அந்தக் கைதட்டல் கேட்டது. என் வாழ்நாளில் அதைவிடக் கொடுமையான ஒரு சத்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

ஹேமலதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சும்மா பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருப்பது அவருக்கு முறையாகப் படவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மண்ணில் உட்கார்ந்தார். போதுமணியும் லோகமணியும் விலகி இடம் விட்டார்கள். இரண்டு பேர் தோளிலும் கை போட்டு, எல்லோரையும் போலத் தலையைக் குனிந்தார்.

"பவுன்தாய் உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் போதுமணி. அவ எங்கண்ணன் பொண்டாட்டி, ஒரே வீடு, ஒரே ஒலை. இந்த வாரந்தான் பொதச்சோம்."

"எப்படி இறந்தாங்க?"

"நெஞ்சு வலி. வெளிய சொன்னா ஓய்வு குடுத்துருவாகன்னு சொல்லாம வச்சிருந்தா. பந்தலுக்குள்ளேயே செத்துப் போனா."

ஹேமலதாவின் கணவரும் அப்படித்தான், வலியை வெளியே சொல்லாத மனிதர். மன்றத்துக் கூட்டம் ஒன்றில் இவர் பேசிக்கொண்டிருந்த சாயங்காலம் அவர் வீட்டில் தனியாக இறந்துபோனார். அதை யாரிடமும் பேசி ஹேமலதாவுக்குப் பழக்கமில்லை. இரண்டு பக்கமும் தோள், முன்னால் தலைகள், வியர்வையும் திராட்சைச் சாறும் கலந்த வாடை. உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அடக்கத் தெரியவில்லை, யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வாய்விட்டு அழுதார்.

திரையில் பச்சை முகங்களுக்கு ஓரத்தில் ஒரே ஒரு முகம் மஞ்சளாகி, உடனே சிவந்து, அழுதது.

கைதட்டல் நின்றது.

"மேடத்துக்கு வெயில் ஒத்துக்கலை. தண்ணி கொண்டாங்க" என்றார் பிரசன்னா.

ஹேமலதா தலையைத் தூக்கி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். திரையைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். பிறகு மற்றப் பெயர்களைத் தேடி, போதுமணியின் பெயரில் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெயில் இல்ல, சார். எனக்கு அந்தம்மா யாருன்னே தெரியாது. எனக்குச் சிவப்பு. இவங்க ஒரே வீட்டுல சேர்ந்து சாப்பிட்டவங்க. இவங்களுக்குப் பச்சை. எப்படி சார்?"

"ஒவ்வொருத்தர் மனப்பக்குவம் மேடம். நாங்க தினமும் பயிற்சி குடுக்கறோம்..."

"நான் அவங்களைக் கேட்கறேன்." ஹேமலதா திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

போதுமணி மண்ணிலிருந்து எழுந்திருக்கவில்லை. "எனக்கு அழுக வரலம்மா" என்றாள். "அழுகணும்னுதான் வந்தோம். ஒங்க முன்னால அழுது, திரை பூராம் சிவப்பாக்கிக் காட்டணும்னு நெனச்சோம். வரல. அவ பொணத்துக்கு முன்னாலயும் வரல. எங்களுக்கு அது போயிருச்சு."

போதுமணி திரைக்குப் பக்கத்தில் நின்ற ஜெயசீலனைப் பார்த்தாள். "தம்பி, அந்தத் தொண்ணூத்தெட்டு என்னன்னு நீயே சொல்லீரு."

ஜெயசீலன் பிரசன்னாவைப் பார்த்தான். பிரசன்னா சிரித்த முகத்தோடு லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஜெயசீலனுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று முன்பே சொன்னேன். அவன் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்தான்.

"அது நிம்மதி இல்ல மேடம். நெஞ்சு நின்னுகிட்டிருந்துச்சு" என்றான். பிறகு துடிப்பு குறைந்ததையும், காப்பு அதை எப்படி எழுதியது என்பதையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையில் வைத்திருந்த திராட்சைப் பெட்டியை மெதுவாக நாற்காலிக்குக் கீழே தள்ளினார்.

அன்று மாலையே கூட்டத்துக்கு ஓய்வு என்று சிவனாண்டி வந்து சொன்னான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. அவன் வந்தபோது ஹேமலதா போதுமணியின் வீட்டு வாசலில்தான் இருந்தார், மற்றவர்களைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு.

"நாளைக்கே அறிக்கை விடறேன். இந்தத் தோட்டத்துப் பழத்தை ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு சொல்றேன். எல்லா ஊர்லயும் எங்க ஆளுங்க இருக்காங்க."

"தொடலைன்னா பழம் பந்தல்லேயே அழுகும். வெட்ட ஆள் வேணாம்பாக. இன்னைக்கு எங்க கூட்டத்துக்கு ஓய்வு, நாளைக்குப் பள்ளத்தாக்குக்கே ஓய்வு."

"வேற என்ன செய்யறது?"

"வாங்குங்க. வாங்கிட்டுக் கூலி குடுத்தியான்னு கேளுங்க. தண்ணி வச்சிருக்கியான்னு கேளுங்க. நெஞ்சு வலிச்சா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு மறுபடி வேலைக்கு வரலாமான்னு கேளுங்க. நான் சிரிச்சேனா அழுதேனான்னு மட்டும் கேக்காதீக."

ஹேமலதாவுக்குச் சுருக்கென்றது. "அதைக் கேட்காம, உங்களை யாரும் கொடுமைப்படுத்தலைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பட்டை இல்லைன்னா அந்த சூப்பர்வைசர் பழையபடி வாயைத் திறப்பானே."

"தெறக்கட்டும். எங்களுக்கும் வாய் இருக்கு, இப்பத்தான் அத மூடி வச்சிருக்கோம். நீங்க நேரா வாங்க. ஆபீஸ் ஆளு இல்லாத எடத்துல ஒக்காந்து கேளுங்க. சொல்றோம். சொல்லப் பிடிக்கலைன்னா சொல்ல மாட்டோம்."

கடைசி வாக்கியத்தை ஹேமலதா ராத்திரி வேறு பஸ்ஸில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனார்.

சென்னையில் அவர் செய்யச் சொன்னது சின்ன காரியம். பழத்தை வாங்குங்கள், காசு கொடுக்கும் இடத்தில் பெட்டியின் முகத்தை உரித்து மேஜையிலேயே ஒட்டிவிட்டுப் போங்கள். கேட்டால், கூலி வேண்டும், முகம் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் ஒருவரும் அசையவில்லை. "முகத்தைப் பார்க்காமல் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது?" என்று மன்றத்துக்காரர்களே சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் நிம்மதி அவர்களுக்கு. இங்கே போதுமணி வீட்டில் ரேஷன் அரிசியும் ரசமுமாக நாள் ஓடிக்கொண்டிருந்தது. பந்தலில் அடுத்த ஊர்க் கூட்டம் வெட்டிக்கொண்டிருந்தது. லோகமணி தன் மகளின் பையைப் பார்க்கும்போதெல்லாம் போதுமணியிடம் பேசாமல் இரண்டு நாள் இருப்பாள், பிறகு அவளே வந்து பேசுவாள். ஜெயசீலனுக்கு வேலை போய்விட்டது. கம்பத்தில் போன் பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்தான்.

பிறகு ஒரு கடையில் மேஜை நிறைய முகங்கள் சேர்ந்தன. அதை ஒருவர் படம் எடுத்துப் போட்டார். சிரிக்கிற பச்சை முகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன, பார்ப்பதற்கே பயமாக இருந்தது. மறுவாரம் எல்லாக் கடையிலும் உரித்தார்கள். கம்பெனி முதலில் உரிக்க முடியாத பசை போட்டது. ஜனங்கள் பழத்தைப் பையில் கொட்டிக்கொண்டு பெட்டியை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். பழம் விற்றுக்கொண்டே இருந்தது, முகம் மட்டும் விலை போகவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. ஏறின கூலி ஏறினதுதான், காப்பு கிடையாது, ஓய்வில் இருப்பவர்கள் திரும்பி வரலாம் என்று சொன்னது.

காப்பைக் கழற்றுகிற அன்று ஹேமலதா வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே மேஜை போட்டு ஒவ்வொன்றாக வெட்டி ஒரு கூடையில் போட்டார்கள். ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் வெயில் படாத ஒரு வெளுத்த வளையம் இருந்தது. ஆபீஸ் திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. வரிசை கலைவதைப் பார்த்த சிவனாண்டி, பழைய ஞாபகத்தில் ஒரு பழைய வசவைப் பாதி எடுத்தான். அவன் முடிப்பதற்குள் லோகமணி கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். "எவளப் பாத்துடா சொன்ன? மிச்சத்தயும் சொல்றா பாப்பம்!" மலையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தது. அவளே மிரண்டு போய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

போதுமணி சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். ஹேமலதா அவள் பக்கத்தில் போனார்.

"இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?"

போதுமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கூலி வந்துருச்சும்மா" என்றாள். "தண்ணி இருக்கு. நெஞ்சு வலின்னா லீவு உண்டுன்னு எழுதிக் குடுத்துருக்காக."

ஹேமலதாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையசைத்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

போதுமணி குனிந்து பந்தலுக்குள் நுழைந்து, பவுன்தாய் உட்கார்ந்த அந்தச் சாலுக்குப் போனாள். அவள் பின்னால் லோகமணி போனாள். பிறகு ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. ஹேமலதா ஓரடி எடுத்து வைத்தார், நின்றுவிட்டார். சிவனாண்டி எட்டிப் பார்த்தான். இலை அடர்த்தியில் எதுவும் தெரியாமல் திரும்பி வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அவர்கள் ரொம்ப நேரம் உள்ளே இருந்தார்கள். போதுமணிக்கு அன்று அழுகை வந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது.